துளியைப் பின்தொடருங்கள்: இங்க்ஜெட் கற்க வருபவர்களுக்கு

ஜெராக்ஸ் கடையிலோ ஃப்ளெக்ஸ் யூனிட்டிலோ புதிதாகச் சேருகிறவருக்கு முதல் நாளே சொல்லித்தரும் வித்தை ஒன்று உண்டு. அச்சில் கோடு விழுந்தால் ஹெட் கிளீனிங் (மை விடும் தலைப்பகுதியான ஹெட்டைப் பிரிண்டரே சுத்தம் செய்துகொள்ளும் கட்டளை) கொடு. மறுபடி விழுந்தால் மறுபடி கொடு. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு கல்யாணப் பத்திரிகை வேலைக்கு நடுவே அடுத்தடுத்து ஏழு முறை கிளீனிங் கொடுத்தேன். டேங்க்கில் மை இறங்கியது, கோடு போகவில்லை. கடைசியில் பார்த்தால் ஹெட்டில் ஒரு குறையும் இல்லை. கனமான அட்டையைப் போட்டுவிட்டு, டிரைவரில் (கணினியில் பிரிண்டரை இயக்கும் மென்பொருளில்) சாதாரணத் தாள் என்றே விட்டிருந்தேன். அட்டை ஒவ்வொரு முறையும் நகர வேண்டிய அளவு நகராமல் கொஞ்சம் பின்தங்கியதால் வந்த கோடு அது.

அந்தத் தப்புக்குப் பிறகு நான் பிடித்துக்கொண்ட வழியைத்தான் இங்கே சொல்கிறேன். மையைத் துளித்துளியாகத் தாளில் விட்டு அச்சடிப்பதுதான் இங்க்ஜெட். அதில் நடப்பது ஒரு துளியின் பயணம். துளி பிறக்கிறது, பறக்கிறது, தாளில் இறங்குகிறது, காய்கிறது. எந்தக் கோளாறு வந்தாலும் இந்த நான்கில் எந்த இடத்தில் என்று முதலில் கேளுங்கள். கேள்வி சரியாக விழுந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கையில் இருக்க வேண்டியவை: ஓடுகிற நிலையில் ஒரு நான்கு வண்ண இங்க் டேங்க் பிரிண்டர், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் (கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் செருகிக்கொள்வாரே, அந்த மாதிரி), ஒரு ஸ்ட்ரா, நாலைந்து வகைத் தாள், ஒரு நோட்டு. நோட்டு கட்டாயம்.

படி 1: குழாயடியில் ஐந்து நிமிடம்

பிரிண்டரைத் திறக்கும் முன் தண்ணீர்க் குழாயைத் திறங்கள். நூல் மாதிரி மெல்லிய தாரை விழும் அளவுக்கு மட்டும். மேலே கண்ணாடிக் கம்பி போல வழவழப்பாக இருக்கும் தாரை, கீழே போகப்போக நெளிந்து துளித்துளியாக உடைவதைப் பாருங்கள். யாரும் அதை வெட்டவில்லை. பரப்பு இழுவிசை தண்ணீரைக் குறைந்த பரப்புள்ள வடிவத்துக்கு இழுக்கிறது. அந்த வடிவம் உருண்டை. இதன் கணக்கை ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு 1878-இல் எழுதினார். உடைந்த துளியின் விட்டம் தாரையின் விட்டத்தைப் போல் ஏறக்குறைய 1.9 மடங்கு இருக்கும் என்பது அந்தக் கணக்கிலிருந்து வருவது.

இந்த உடைவை அப்படியே வேலைக்கு எடுத்துக்கொண்டவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த ரிச்சர்ட் ஸ்வீட். 1960-களில் அவர் செய்தது இது: மைத் தாரையை ஒரே சீராக அதிரவைத்தார். துளிகள் ஒரே அளவில் உடைந்தன. உடையும் நொடியில் ஒவ்வொரு துளிக்கும் மின்னூட்டம் கொடுத்து, மின்தகடுகளுக்கு நடுவே விட்டு, வேண்டிய இடத்துக்கு வளைத்தார். வேண்டாத துளிகள் ஒரு சிறு குழியில் விழுந்து மறுபடி டேங்க்குக்கே திரும்பும். இதைத் தொடர் இங்க்ஜெட் என்கிறார்கள். பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். தண்ணீர் பாட்டில் கழுத்தில் புள்ளிப்புள்ளியாகத் தேதியும் விலையும் இருக்கிறதே, அதை லென்ஸில் பாருங்கள். பெரும்பாலும் இந்த முறையில் விழுந்த எழுத்துதான். ஓடுகிற பாட்டிலை நிறுத்தாமல், தொடாமல் எழுதுகிறது.

படி 2: உங்கள் ஹெட் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

மேசை மேல் இருக்கும் பிரிண்டர்கள் தொடர்ந்து மை பாய்ச்சுவதில்லை. கேட்டால்தான் துளி விடும். கேட்டு வாங்குவதில் இரண்டு வழி.

ஒன்று வெப்ப வழி. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் சுரீரென்று ஆவி கிளம்புகிறதல்லவா, அதேதான். நாசிலுக்கு (ஹெட்டில் மை வெளியேறும் நுண்துளை) பின்னால் உள்ள மிகச் சிறிய ஹீட்டர், இரண்டு மைக்ரோ விநாடி அளவுக்கு மட்டும் சூடேறும். அதை ஒட்டிய மெல்லிய மைப் படலம் 300 டிகிரி செல்சியஸை நெருங்கி வெடித்துக் குமிழாகும். குமிழ் மையைத் தள்ளும், துளி வெளியே போகும், குமிழ் அடங்கும், காலியான இடத்துக்குப் புது மை வரும். ஒவ்வொரு நாசிலும் இதை விநாடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். 1977-இல் கேனான் ஆய்வகத்தில் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாக மை ஊசி ஒன்றில் பட்டு, ஊசி முனையிலிருந்து மை தெறித்ததைப் பார்த்து இச்சிரோ எண்டோ இதைப் பிடித்தார் என்பார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் ஹெச்பியில் ஜான் வாட் குழுவும் தனியாக இதே இடத்துக்கு வந்துசேர்ந்தது. 1984-இல் அவர்களுடைய திங்க்ஜெட் கடைக்கு வந்தது.

இன்னொன்று பீசோ வழி. அடுப்பங்கரையில் இருக்கும் கேஸ் லைட்டரை அழுத்திப் பாருங்கள். உள்ளே இருக்கும் பீசோ கல் அடிபட்டதும் மின்சாரம் தருகிறது, பொறி பறக்கிறது. அதைத் திருப்பிப் போடுங்கள்: அதே வகைப் பொருளுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அது அசையும். ஹெட்டுக்குள் அந்த அசைவு மை அறையின் சுவரை நெருக்கி ஒரு துளியைப் பிதுக்கிவிடும். சூடு கிடையாது.

எப்சன், பிரதர் மேசை பிரிண்டர்கள் பீசோ; ஹெச்பியும் கேனானும் வெப்ப வழி. இது தெரிவதால் என்ன லாபம்? வெப்ப ஹெட்டில் மை இல்லாமல் ஓட்டினால் ஹீட்டர் கருகும், ஆனால் பெரும்பாலும் ஹெட்டை நாமே கழற்றி மாற்றிவிடலாம். பீசோ ஹெட் இயந்திரத்தோடு வருவது, விலையும் அதிகம். அதற்குப் பரம எதிரி காற்று. பீசோ கொடுக்கும் நெருக்கல் ரொம்பச் சிறியது. உள்ளே ஒரு காற்றுக் குமிழ் இருந்தால் அந்த நெருக்கலையெல்லாம் அதுவே வாங்கிக்கொண்டு சுருங்கும், மை நகராது. இன்னொரு வித்தியாசம்: வெப்ப வழிக்கு ஆவியாகக்கூடிய மை வேண்டும், அதனால் பெரும்பாலும் தண்ணீர் மைதான். பீசோவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஃப்ளெக்ஸின் சால்வென்ட் மையும், யூவி மையும் பீசோ ஹெட்டில் ஓடுவது இதனால்தான்.

படி 3: ஸ்ட்ரா சோதனை

ஸ்ட்ராவைத் தண்ணீரில் விட்டு, மேல் நுனியை விரலால் மூடித் தூக்குங்கள். தண்ணீர் கீழே விழாது. விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் சொட்டும். நாசிலில் மை நிற்பதும் இப்படித்தான். நாசிலுக்குக் கதவு இல்லை. எப்போதும் திறந்தே இருக்கிறது. உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் குறைவாக இருப்பதால் மை வாயிலில் குழிந்து நிற்கிறது. இங்க் டேங்க்கை ஹெட்டைவிடத் தாழ்வாக வைப்பது இதற்காக. வெளியே மை பாட்டில் பொருத்திய பழைய பிரிண்டர்களில், 'மை நல்லா இறங்கட்டும்' என்று பாட்டிலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலை மை மேசை முழுக்க இறங்கியிருக்கும்.

நாசில் தகட்டின் மேற்பரப்பு தாமரை இலை மாதிரி, மை ஒட்டாதபடி பூச்சு போட்டது. டிஷ்யூ பேப்பரால் அழுத்தித் துடைத்தால் பூச்சு போகும். போனால் மை வாயிலைச் சுற்றித் தேங்கி, துளி கோணலாகக் கிளம்பும். யூடியூபில் ஹெட்டைத் தேய்த்துக் கழுவும் வீடியோக்கள் நிறைய. பார்க்கலாம், செய்ய வேண்டாம்.

படி 4: மையைப் படியுங்கள்

மை என்பது நிறம் மட்டும் அல்ல. டேங்க்கில் ஊற்றும் மையில் பாதிக்கு மேல் தண்ணீர். நாசில் காயாமல் இருக்கக் கிளிசரின் மாதிரிச் சரக்கு, பரப்பு இழுவிசையைக் குறைக்கக் கொஞ்சம் சோப்புத் தன்மையுள்ள பொருள், பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து, கடைசியாகத்தான் நிறம். நிறம் இரண்டு வகை. டை, சர்க்கரை போலக் கரைந்துவிடும். பிக்மென்ட், அரிசி மாவு போலக் கலங்கி நிற்கும். ஒவ்வொரு துகளும் ஏறக்குறைய 100 நானோமீட்டர், அதாவது 0.1 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அச்சான தாளில் ஈரவிரலை வைத்து இழுங்கள். ஓடினால் டை, நின்றால் பிக்மென்ட். பல பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட்டாகவும் மற்ற மூன்றும் டையாகவும் இருக்கும். மார்க்ஷீட் நகலில் எழுத்து அழியாமல் முத்திரை மட்டும் ஏன் கரைந்தது என்பதற்கு விடை அங்கே.

மை துளியாகுமா ஆகாதா என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள், புதியவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அடர்த்தி, பரப்பு இழுவிசை, நாசில் விட்டம் மூன்றையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, பாகுத்தன்மையால் வகுக்க வேண்டும். விடை 1-க்கும் 10-க்கும் இடையில் இருந்தால் நல்ல துளி வரும். 25 மைக்ரான் நாசிலில் வழக்கமான தண்ணீர் மைக்கு 9 வருகிறது. சுத்தமான தண்ணீருக்கு 42. பாகுத்தன்மை போதாது, வால் நீண்டு, உடைந்து, குட்டித் துளிகளாகச் சிதறும். தேங்காய் எண்ணெய்க்குக் கணக்குப் போட்டால் 1-க்கும் கீழே. எவ்வளவு அழுத்தினாலும் உருண்டு கிளம்பாது. 'மை கெட்டியாச்சு, கொஞ்சம் தண்ணி ஊத்து' என்று யாராவது சொன்னால் இந்த மூன்று எண்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். பாகுத்தன்மை சூட்டுக்குக் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் நன்றாக ஓடிய ஃப்ளெக்ஸ் மெஷின் சித்திரை வெயிலில் மதியம் தூறல் போடுவதில் இதற்கும் பங்கு உண்டு.

படி 5: துளி பறக்கும் தூரம்

4 பிகோலிட்டர் துளியின் விட்டம் சுமார் 20 மைக்ரான் (ஒரு பிகோலிட்டர் என்பது லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அது விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் கிளம்பி, 1.5 மில்லிமீட்டர் தாண்டித் தாளைத் தொடுகிறது. எடுக்கும் நேரம் 0.2 மில்லி விநாடி. இது ஒரு நேரமா என்று தோன்றும். ஆனால் ஹெட் சும்மா நிற்கவில்லை, பக்கவாட்டில் ஓடிக்கொண்டே துளி விடுகிறது. ஹெட்டின் வேகம் விநாடிக்கு 1 மீட்டர் என்றால், துளி இறங்குவதற்குள் 0.2 மில்லிமீட்டர் பக்கவாட்டில் போயிருக்கும். தன் விட்டத்தைப் போல் 10 மடங்கு. ஹெட் திரும்பி வரும்போது அதே விலகல் எதிர்ப்பக்கம். இரண்டும் சேர்ந்து 0.4 மில்லிமீட்டர், எழுத்து இரட்டையாகத் தெரியப் போதும்.

பிரிண்டர் இதை முன்கூட்டியே கணக்கிட்டுத் துளியைச் சற்று முன்னால் விடுகிறது. ஹெட் அலைன்மென்ட் என்ற பெயரில் தாளில் கட்டங்கள் அச்சடித்து, எது நேராக இருக்கிறது என்று கேட்கிறதே, அது இந்தக் கணக்கைத் திருத்தத்தான். கனமான அட்டை போட்டால் இடைவெளி குறைகிறது, கணக்கு மாறுகிறது. நெடுங்கோடுகள் மட்டும் பல்லுப்பல்லாக வந்தால் இங்கே பாருங்கள். ஹெட் கிளீனிங் இதற்கு மருந்தல்ல.

படி 6: கோலத்திலிருந்து டிபிஐ

அங்குலத்துக்கு 180 நாசில் உள்ள ஹெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு நாசிலுக்கு நடுவே 141 மைக்ரான். ஆனால் பெட்டியில் 720 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 720 புள்ளி, என்று போட்டிருக்கும். அதற்குப் புள்ளிகள் 35 மைக்ரானுக்கு ஒன்று வேண்டும். எப்படி? மார்கழிக் கோலத்துக்குப் புள்ளி வைப்பதை நினைத்துப் பாருங்கள். நேர்ப்புள்ளி வைத்த பிறகு நடு இடைவெளியில் ஊடுபுள்ளி வைப்பார்கள். ஹெட்டும் அதையே செய்கிறது. ஒரு ஓட்டம் ஓடி, தாளைத் துளி நகர்த்தி, இடைவெளியில் மறு ஓட்டம். நான்கு ஓட்டத்தில் 180 என்பது 720 ஆகிறது. கடைக்காரர்கள் 4 பாஸ், 6 பாஸ் என்பது இந்த ஓட்டங்களைத்தான். பாஸ் கூடினால் நேரம் கூடும். ஆனால் ஒரு நாசில் அடைத்தாலும் பக்கத்து ஓட்டம் அந்தக் குறையை ஓரளவு மறைத்துவிடும்.

ஊடுபுள்ளி சரியாக நடுவில் விழத் தாள் கச்சிதமாக நகர வேண்டும். 10 மைக்ரான் பிசகினால் கண் கோட்டைப் பிடித்துவிடும். என் கல்யாணப் பத்திரிகையில் நடந்தது அதுதான்.

ஏ4 தாள் முழுக்க 720-க்கு 720 என்று கட்டம் போட்டால் 5 கோடிக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு 4 பிகோலிட்டர் துளி வைத்தால்கூட மொத்த மை 0.2 மில்லிலிட்டர். வாடிக்கையாளரிடம் மைச் செலவு பேசும்போது இந்தக் கணக்கு உதவும். நிற ஆழத்தைப் பிரிண்டர் மையைத் தண்ணீராக்கிக் காட்டுவதில்லை. புள்ளிகளை நெருக்கியும் கலைத்தும் வைத்தே காட்டுகிறது. முகத்தின் கன்னப் பகுதியை லென்ஸில் பாருங்கள், தூவிய மணல் மாதிரி இருக்கும்.

படி 7: இறங்கும் இடம்

ஒரே படத்தை நான்கு தாளில் அச்சடியுங்கள்: செய்தித்தாளின் வெற்று ஓரம், 75 ஜிஎஸ்எம் காப்பியர் தாள், இங்க்ஜெட்டுக்கென்றே பூச்சு போட்ட தாள், போட்டோ கிளாஸி. டிரைவரில் நான்குக்கும் சாதாரணத் தாள் என்றே வையுங்கள், வேண்டுமென்றே. பிறகு லென்ஸ். செய்தித்தாளில் புள்ளி, திண்ணையில் கொட்டிய காப்பி போல நார் வழியே ஓடியிருக்கும். காப்பியர் தாளில் ஓரம் மயிர்மயிராக. பூச்சுத் தாளில் வட்டம் வட்டமாக நிற்கும். கிளாஸியைத் திருப்பிப்போட்டும் ஒரு முறை அச்சடியுங்கள். மை உறிஞ்சப்படாமல் முத்துமுத்தாக நிற்பதை ஒரு முறை பார்த்தவர் பிறகு பக்கம் மாற்றிப் போடமாட்டார். இப்போது டிரைவரில் சரியான தாள் வகையை வைத்து மறுபடி. தாள் வகை என்ற அந்த ஒரு தேர்வு மையின் அளவு, பாஸ் எண்ணிக்கை, தாள் நகர்வு, நிறக் கணக்கு எல்லாவற்றையும் மாற்றுகிறது. எல்லாத் தாளையும் தேதி போட்டு நோட்டில் ஒட்டுங்கள்.

படி 8: நாசில் செக் தாளை வாசிப்பது

இது ஒன்றுதான் நிஜமாகப் பழக வேண்டியது. மற்றதெல்லாம் இதற்கு முன்னுரை.

நாசில் செக் என்பது எல்லா நாசிலும் வேலை செய்கிறதா என்று பார்க்கப் பிரிண்டரே அச்சடித்துத் தரும் சோதனைத் தாள். அதில் படிக்கட்டு போலச் சிறுகோடுகள் வரும். ஒரு சிறுகோடு, ஒரு நாசில். கோடு இல்லாத இடத்தைப் பார்த்ததும் கிளீனிங் பொத்தானுக்குக் கை போகக் கூடாது. இன்னொரு நாசில் செக் எடுங்கள். இரண்டையும் அருகருகே வையுங்கள்.

இரண்டிலும் ஒரே இடத்தில் ஓட்டை இருந்தால் அந்த நாசில் அடைத்திருக்கிறது. ஒரு முறை கிளீனிங், பார்ப்பது, இன்னொரு முறை. மூன்றுக்கு மேல் வேண்டாம். ஹெட்டை அப்படியே மூடி ஒரு ராத்திரி விடுங்கள்; கேப்புக்குள் (ஓய்வில் ஹெட் போய் உட்காரும் மூடி) இருக்கும் ஈரம் காய்ந்த மையை ஊறவைக்கும். காலையில் தானாகத் திறந்துகொள்வதை எத்தனையோ முறை பார்த்தாயிற்று.

ஓட்டை இடம் மாறிக்கொண்டே இருந்தால், அடைப்பு அல்ல, காற்று. அல்லது மை வரத்து குறைவு. டேங்க் அளவு, குழாயில் குமிழ், டேங்க்கின் காற்றுத் துளை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். கிளீனிங் இதை மோசமாக்கக்கூடும், ஏனென்றால் அது உறிஞ்சும்போது மை வராவிட்டால் இன்னும் காற்றுதான் வரும்.

முதல் பக்கம் நன்றாக இருந்து, பக்கம் போகப்போக நிறம் வெளுத்தால் அதுவும் வரத்துக் குறைவே. கோடு இருக்கிறது, ஆனால் சாய்ந்திருக்கிறது என்றால் நாசில் வாயில் தாள் தூசியோ காய்ந்த மையோ ஒட்டியிருக்கிறது. மஞ்சள் கோட்டில் கறுப்பு கலந்தால் வைப்பரும் (ஹெட்டைத் துடைக்கும் பட்டை) கேப்பும் அழுக்கு. எல்லா நாசிலும் சரியாக இருந்தும் படத்தில் கோடு வந்தால், துளி பிறப்பில் குறை இல்லை. 5, 6, 7-ஆம் படிகளுக்குத் திரும்புங்கள்.

கிளீனிங்கில் உறிஞ்சிய மை எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அடியில் உள்ள வேஸ்ட் பேடுக்கு, அதாவது கழிவு மையை உறிஞ்சி வைக்கும் பஞ்சுக்கு, போகிறது. அது நிறைந்ததாகக் கணக்கானதும் பல பிரிண்டர்கள் நின்றுவிடும்.

வழக்கமாகச் செய்ய வேண்டியவை இரண்டே. பிரிண்டரை அதன் பொத்தானில் அணையுங்கள், சுவர் ஸ்விட்சில் அல்ல. பொத்தானில் அணைத்தால்தான் ஹெட் கேப்பில் போய் உட்காரும். அச்சு நடுவில் கரண்ட் போனால் ஹெட் வெட்டவெளியில் காய்ந்துகொண்டிருக்கும் என்பதை நினைவில் வைத்து, வந்ததும் உடனே போட்டு அணையுங்கள். வேலை இல்லாவிட்டாலும் வாரத்துக்கு ஒரு நான்கு வண்ணப் பக்கம்.

படி 9: பெரிய மெஷினுக்குப் போகும்போது

ஃப்ளெக்ஸ், திருப்பூரின் துணி அச்சு, யூவி, எல்லாவற்றிலும் துளியின் முதல் மூன்று நிலைகள் (பிறப்பது, பறப்பது, இறங்குவது) ஏறக்குறைய ஒன்றுதான். மாறுவது காய்தல். சால்வென்ட் மை ஆவியாகிக் காய்கிறது, அதனால் ஹீட்டரும் காற்றோட்டமும். அந்த நெடியில் ஜன்னலை மூடி வேலை பார்க்காதீர்கள். யூவி மை ஆவியாவதில்லை, ஒளி பட்டதும் இறுகுகிறது. சப்ளிமேஷன் மை தாளில் அச்சாகி, சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்தும்போது பாலியஸ்டர் துணிக்குத் தாவுகிறது. பருத்தியில் அது நிற்காது. பருத்திக்கு ரியாக்டிவ் மை. துணிக்கு முன்பூச்சு போட்டு, அச்சடித்து, ஸ்டீமரில் வேகவைத்து, அலச வேண்டும். அச்சான உடனே மெஷினில் இருந்து வரும் துணி மங்கலாகத்தான் இருக்கும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு மை அளவைக் கூட்டிவிடாதீர்கள். ஒரு துண்டு வெட்டி ஸ்டீமரில் கொடுத்து, அலசிக் காயவைத்து, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.